கூப்பிட்டால் பதில் சொல்கிறவன்

கோர்-சாலிம்
அக்டோபர் 9, 2021

ஷிஹாப் அண்ணனுக்கு,

சலாம். போனை எடுக்க மாட்டேங்கறே, சரி. ஆடு ஏத்திட்டு வர்ற படகுக்காரர் அவத் மாமா நேத்து வந்தப்ப சொன்னார்: உன் டீக்கடையில என் பேர் போன்ல வந்தா, அதைக் கவுத்து வெச்சுட்டு சர்க்கரை கலக்கறியாம். கடிதம் எழுதினா மட்டும் படிப்பியாம். எழுத்துல எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு அவர்கிட்ட சொன்னியாம். ரொம்ப நல்லது. நீ ஜிபூட்டியில, ஓபோக்குல, நான் ஏமன்ல, நடுவுல ஒரு துண்டு கடல். ஆட்டோட ஆடா இனிமே காகிதமும் வரட்டும்.

கடல் தாண்டி வர்றவங்களுக்கான இந்த மையத்துக்கு நான்தான் இப்ப மேனேஜர். சிரிக்காதே. பழைய மேனேஜர் மருந்து வாங்க ஏடனுக்குப் போனவர், அங்கேருந்தே ராஜினாமாவை அனுப்பிட்டார். அவரையும் குத்தம் சொல்ல முடியாது. வடக்கே சண்டை மறுபடி சூடு பிடிச்சிருக்கு, ஜன்னல் கண்ணாடி சும்மா இருக்கறப்பவே அதிருது. மையம் இருக்கறது மீன்காரங்க கைவிட்ட பழைய ஐஸ் தொழிற்சாலையில. எத்தியோப்பியாவுலேருந்து வர்ற ஹபஷிகள் உன் பக்கம் ஏறி என் பக்கம் இறங்கறாங்க. உப்பு பூத்த முகம், வெறுங்கால். வந்தவங்களுக்குச் சோறு, மருந்து, ஒரு பாய், வீட்டுக்கு ஒரு போன். ஊருக்குத் திரும்பறேன்னு சொல்றவங்களுக்குக் கப்பல் வர்றவரைக்கும் இடம். சவூதிக்கு நடந்தே தீருவேன்னு அடம் பிடிக்கறவங்களுக்குச் செருப்பும் புத்திமதியும். செருப்பை மட்டும் எடுத்துட்டுப் போறாங்க.

வாசலுக்கு வெளியே ஆள் பிடிக்கறவங்க லாரியோட நிக்கறாங்க. தனியா போனவனைத் தூக்கிட்டுப் போய், பணம் கேட்டு அடிக்கற சத்தத்தை அவன் வீட்டுக்குப் போன்ல கேட்க வைக்கற ஜென்மங்க. அதனால சூரியன் இறங்கறப்ப எல்லார் பேரையும் கூப்பிட்டுப் பார்க்கறது இங்க வழக்கம். காவல்காரன் முக்பில் பேர் சொல்வான். அவங்க ஊர்ல கூப்பிட்ட குரலுக்கு 'அபேத்'ம்பாங்க, உனக்குத் தெரியும். கடைசி அபேத் வந்த பிறகுதான் சோறு. அஞ்சு பேருக்கு ஒரு சஹன், பெரிய தட்டு.

போன வாரம் ஹரார் மலைப்பக்கத்துப் பசங்க அஞ்சு பேர் வந்தாங்க, எல்லாரும் ஒரே ஊர். கெதிர்ங்கறவன்தான் அவங்கள்ல பெரியவன், பேர் எல்லாம் அவன்தான் சொன்னான். அவங்கள்ல மூமேன்னு ஒருத்தன் ரொம்பக் கூச்சம். எப்பவும் தண்ணித் தொட்டிப் பக்கம்தான், எனக்கு அவன் முதுகுதான் அதிகம் தெரியும். ஆனா வளர்ப்பைச் சொல்லணும். சஹன்ல அவனுக்கு இடம் விட்டு உட்கார்ந்து, கறியை அவன் பக்கம் ஒதுக்கறாங்க. சாப்பிட்டு முடிச்சுப் பார்த்தா கறி தொடாம மத்தவங்க பக்கமே திரும்பி வந்திருக்கு.

நேத்து அவன் அம்மா போன் பண்ணினா, ஊர்க் கடைக்காரர் போன்ல. ஷம்ஸியான்னு பேர். மத்த பசங்க வீட்டுக்குப் பேசிட்டாங்களாம், மூமே மட்டும் பேசலையாம். அவனைக் கூப்பிட்டு அனுப்பினேன். தூங்கறான்னு கெதிர் வந்து சொன்னான். அத்தனை தூரத்துல நிக்கற தாய்க்கு அதை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரலை. நானே பேசினேன். எனக்கு மொழிபெயர்க்கற பெத்ரியா, ஏடன்லயே வளர்ந்த ஹபஷிப் பொண்ணு, பக்கத்துல நின்னா. "உங்க பையன் இங்கதான் இருக்கான், இடது புருவத்துல தழும்பு இருக்கே, அவன்தானே? இளைச்சிருக்கான், ஆனா தங்கமான புள்ளை, கறியைக்கூட மத்தவங்களுக்குத் தள்ளிடறான்"னு சொன்னேன்.  கறியைத் தள்ளறானான்னு அந்தம்மா ஒரு தடவை கேட்டா. ஆமான்னேன். வெச்சுட்டா. சந்தோஷத்துல பேச்சு வரலைபோலன்னு நினைச்சுக்கிட்டேன்.

பாரு, நல்ல காரியமும் பண்றேன். ஒரு வரி எழுது.

உன் தங்கை
அஃப்ரா


ஓபோக்
அக்டோபர் 17

அஃப்ராவுக்கு,

உன் கடிதம் ஆட்டுப் புழுக்கை வாசனையோடு வந்து சேர்ந்தது.

போனை ஏன் எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியும். தெரியாதவள் போல எழுதாதே. அப்பாவை அடக்கம் செய்த பிறகும் மாதக்கணக்கில் நான் கேட்டபோதெல்லாம் "தூங்கறார்" என்றாய், "பள்ளிவாசலுக்குப் போயிருக்கார்" என்றாய். ஒருமுறை "உனக்காக துவா பண்ணிட்டிருக்கார்" என்றுகூடச் சொன்னாய். சண்டைக்குள் நான் ஓடி வந்துவிடுவேன் என்று பயந்தாயாம். உன் குரலில் ஒரு பிசிறு இல்லை. உயிரோடு இல்லாத மனிதருக்கு நான் இருமல் மருந்து வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தேன். அதையும் வாங்கி வைத்துக்கொண்டாய். அந்தக் குரலை இனி என் காதில் வைக்க மாட்டேன். எழுத்து போதும்.

இதோடு நிறுத்தியிருப்பேன். உன் கடிதத்தின் பின்பாதிதான் என்னை மறுபடி பேனா எடுக்க வைத்தது.

அந்தப் பசங்களை எனக்குத் தெரியும். படகுக்குக் காத்திருந்தபோது என் கடையில்தான் கிடந்தார்கள். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு உள்ளவன் எனக்கு நன்றாக நினைவிருக்கிறான், ஏனென்றால் அவன் ஒரு தீனிப்பண்டாரம். கறிக்குழம்பு இரண்டு தட்டு வாங்கித் தின்றுவிட்டு, பக்கத்தில் இருந்தவன் எலும்பையும் எடுத்து உறிஞ்சினான். "மூமே, போதும், எழுந்து தொலை" என்று மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். அவனா கறியைத் தள்ளி வைக்கிறான்?

அவர்களை ஏற்றிப்போன படகின் கூலியாள் மூன்று நாள் கழித்து இங்கே வந்து பேசிக்கொண்டிருந்தான். கரையில் ரோந்து விளக்கு தெரிந்ததாம். தூரத்திலேயே எல்லோரையும் கடலுக்குள் குதிக்கச் சொன்னார்களாம். குதிக்காதவர்களைத் தள்ளினார்களாம். நீந்தத் தெரியாத ஒருவன் மேலே வரவில்லை என்றான். எப்படி இருப்பான் என்று சும்மாதான் கேட்டேன். அவன் தன் இடது புருவத்தின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினான்.

கூலியாள் பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்கு ஒரே மாதிரித் தழும்பும் இருக்கலாம். ஆனால் நீ அந்தப் பையன் முகத்தை நேராகப் பார்த்து எனக்கு எழுது. முதுகை அல்ல.

ஷிஹாப்


கோர்-சாலிம்
அக்டோபர் 25

அண்ணே,

உன் கடிதத்தைத் தொட்டிப் பக்கத்துல நின்னுதான் படிச்சேன். படிச்சு முடிச்சதும் தலையை நிமிர்த்தவே எனக்குத் தைரியம் வரலை.

மறுநாள் காலையில கெதிரை ஆபீஸுக்குக் கூப்பிட்டேன். பெத்ரியாவும் இருந்தா. உன் கூலியாள் சொன்னதைச் சொன்னேன். அவன் மறுக்கலை, ஒத்துக்கவும் இல்லை. வாயைக் கையால பொத்திக்கிட்டான். கையை எடுத்துட்டுச் சொன்னான். இருட்டுல குதிச்சாங்களாம். மூமே இவன் சட்டையைப் பிடிச்சுட்டு இருந்தானாம். அப்புறம் அந்தப் பிடி இல்லையாம். கரையில வெயில் ஏறற வரைக்கும் உட்கார்ந்து பார்த்திருக்காங்க, உடம்பு ஒதுங்கலை.

அப்போ ஏன்டா அஞ்சு பேர்னு எழுத வெச்சேன்னு கேட்டேன். அவங்க ஊர்ல, இறந்தவனோட அம்மாவுக்குச் சொல்ற வரைக்கும் வேற யார் வாயிலயும் அந்தச் சாவு வரக்கூடாதாம். நாலு பேர்னு சொன்னா அதுவே சொன்ன மாதிரிதானே. இன்னொண்ணு, மண்ணுக்குள்ள போகாதவன் பேரை யாராவது கூப்பிட்டா, பக்கத்துல இருக்கறவன் அவனுக்காகப் பதில் சொல்லணுமாம். சொல்லலைன்னா, கூப்பிட்டது யாருன்னு தேடிக்கிட்டு அவன் கிளம்பிடுவானாம். வழி தெரியாம அலைவானாம். அம்மாகிட்ட போன்ல சொல்ல இவங்கள்ல ஒருத்தனுக்கும் நெஞ்சுரம் இல்லை. அதனால சாயங்காலம் ஒவ்வொருத்தனா முறை வெச்சு அபேத் சொல்றதுன்னு பேசிக்கிட்டாங்க.

அதுவரைக்கும் எனக்குக் கோபம்தான் இருந்தது. அப்புறம்தான் அவன் அதைச் சொன்னான்.

"முதல் நாள் நான் சொன்னேன். அடுத்த நாள் ஜுனைதி முறை. அபேத் கேட்டுச்சு. ஜுனைதியைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்துட்டிருந்தான். நான் சொன்னேன்னு அவன் நெனச்சிருக்கான்."

"அப்ப யார் சொன்னது?"

"தெரியலைங்க. அதுக்கப்புறம் எங்கள்ல யாரும் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டி வரலை."

பெத்ரியா இதை மொழிபெயர்த்துட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினா. நல்ல வெயில் நேரம், அண்ணே.

இப்ப என் கதையைக் கேளு. அந்தத் தழும்பை யாரும் எனக்குச் சொல்லலை. கெதிர் சொல்லலை, பெத்ரியாவுக்கும் தெரியாது. அவங்க வந்த அன்னிக்குப் போர்வை கொடுத்தேனே, அப்ப அவன் நிமிர்ந்தான், அப்ப பார்த்தேன். நல்லா நினைவிருக்கு. போய்ப் பார்த்தேன், அவனைக் காணோம். அந்தப் போர்வை தொட்டி ஓரத்துல நான் மடிச்சுக் கொடுத்த மடிப்பு கலையாம அப்படியே இருக்கு. கையை வெச்சேன். மேல காய்ஞ்சிருக்கு, உள்மடிப்பு மட்டும் ஈரம். நக்கிப் பார்க்கலை, ஆனா உப்புன்னு எனக்குத் தெரியும்.

உடனே அந்தம்மாவுக்குப் போன் போட்டேன். எப்படியாவது சொல்லிடணும்னுதான். கடைக்காரர் எடுத்தார். ஷம்ஸியா ஊர்ல இல்லை, கிளம்பியாச்சுன்னார். எங்கேன்னேன். "மகன்கிட்டதான். மேனேஜர் அம்மா இருக்கான்னு சொன்னாங்களே"ன்னார்.

அண்ணே, அவ உன் பக்கம்தான் வருவா. வேற வழி கிடையாது. பாலைவனம் தாண்டி, அதே கடத்தல்காரன் படகுல, அதே இருட்டுல அவளும் குதிக்கணும். நான் ஒரு வார்த்தை சொன்னதுக்காக. என் மேல இருக்கற கோபத்தையெல்லாம் வெச்சுக்கோ, ஆனா அவளைப் படகுல ஏத்த விடாதே. உன் கால்ல விழறேன். அங்கேயே பிடிச்சு உட்கார வெச்சுச் சொல்லிடு.

அஃப்ரா


கோர்-சாலிம்
அக்டோபர் 29

அண்ணே,

முந்தின கடிதம் உன் கைக்கு வந்துச்சான்னு தெரியலை. இருந்தாலும் எழுதறேன், இதை வேற யார்கிட்ட சொல்ல. ஏடன்ல இருக்கற பெரிய ஆபீஸுக்கு எழுதினா எனக்கு ரெண்டு வாரம் லீவு கொடுப்பாங்க.

நேத்து முக்பில்கிட்ட அந்தப் பேரை விட்டுடுன்னு சொன்னேன். கூப்பிடலைன்னா பதில் வராதில்லையா. விட்டான். அடுத்த பேர் கெதிர். அபேத்னு வந்தது, தொட்டிப் பக்கத்துலேருந்து. கெதிர் என் முன்னாலதான் உட்கார்ந்திருக்கான், வாயைத் திறக்கவே இல்லை. முக்பில் கவனிக்காம அடுத்த பேரைச் சொல்லிட்டான், லென்சான்னு ஒரு பொண்ணு. அதுக்கும் அபேத். அதே ஆம்பளைக் குரல். அதுக்கடுத்த பேருக்கும் அதேதான். தன்னைத்தான் கூப்பிடறாங்களான்னு ஒவ்வொரு பேருக்கும் எழுந்திரிச்சுப் பார்க்கற மாதிரி.

முக்பில் தடியைப் போட்டுட்டு ஓடினான். பாதிப் பேர் சுவரேறிக் குதிச்சுட்டாங்க, வெளியே லாரி நிக்கும்னு தெரிஞ்சும். நல்லவேளை அன்னிக்கு லாரிக்காரன் வரலை. கெஞ்சிக் கூத்தாடி எல்லாரையும் உள்ளே கொண்டுவந்தேன். இன்னும் ஒரு தடவை இப்படி ஆனா எல்லாரும் வடக்கே நடந்துடுவாங்க, நேரா சண்டைக்குள்ள. சஹனைச் சுத்தி யாரும் உட்கார மாட்டேங்கறாங்க. நின்னுகிட்டே கையில வாங்கித் தின்னுட்டுப் போறாங்க.

இன்னிக்கு நானே போய் நின்னு அந்தப் பேரையும் கூப்பிட்டேன். அவங்கவங்க குரல்ல பதில் வந்தது, அவனுடையதும். கேட்டதும் எனக்கு நெஞ்சு லேசாச்சு. வந்துட்டான்னு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு அண்ணே.

அஃப்ரா


ஓபோக்
நவம்பர் 4

அஃப்ரா,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. அவற்றைப் படித்துக்கொண்டிருந்தபோதே அவள் கடைக்கு வந்துவிட்டாள்.

முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அந்தப் பையனின் தாடை அப்படியே இருக்கிறது. குட்டையான, கெட்டியான பெண். காலில் துணி சுற்றியிருந்தாள். இந்தக் கடையில் இத்தனை வருடம் உட்கார்ந்ததில் அவர்கள் பேச்சு எனக்கு ஓரளவு வரும். எங்கே போகிறீர்கள் என்றேன். மகனிடம் என்றாள்.

சொல்லிவிடுவது என்றுதான் டீயோடு எதிரே உட்கார்ந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவன், எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமா? "அம்மா, உங்க மகன்" என்று ஆரம்பித்தேன். "உங்க மகன் என் கடையில ரெண்டு தட்டு கறி சாப்பிட்டான்" என்று முடித்தேன். அவள் சிரித்தாள். "ரெண்டுதானா?" என்றாள். மறுபடி ஆரம்பித்தேன். கடல் இப்போது சரியில்லை, அந்தப் பக்கம் சண்டை, மையத்தை மூடப்போகிறார்கள் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, படகு எப்போது என்று கேட்டாள்.

மூட்டையைப் பிரித்து ஒருமுறை சரிபார்த்தாள். ஒரு ஆண் சட்டை, ஒரு கைலி, பிளாஸ்டிக் உறைக்குள் உறை போட்டுக் கட்டியிருந்தாள். இவ்வளவு பத்திரமா எதற்கு என்றேன். அவன் ஈரத்தோடு இருப்பான், காய்ந்த துணி வேண்டாமா என்றாள். 

நான் தடுத்தால் கடத்தல்காரன் படகில் ஏறுவாள். அதனால் அவத் மாமாவின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். பகலில் கிளம்பி, ஆடுகளோடு, கரை வரைக்கும் கொண்டுவந்து இறக்குவார். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவருக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருப்பாள்.

நான் சொல்லவில்லை, அஃப்ரா. என்னால் ஆகவில்லை. உன் மேல் உள்ள கோபம் போய்விட்டதென்று நினைக்காதே. ஆனால் நீ மாதக்கணக்கில் செய்ததை நான் ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் செய்துவிட்டேன். அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, ஒரு பிசிறு இல்லாமல்.

நீதான் சொல்ல வேண்டும். என்ன நடந்தது என்று மறைக்காமல் எழுது.

ஷிஹாப்


கோர்-சாலிம்
நவம்பர் 12

அண்ணே,

அவத் மாமா நாளைக்குத் திரும்பறார். ஷம்ஸியாவும் அவரோடதான் வர்றா. கடைக்கு வந்தா நல்ல சாப்பாடா கொடு. கறி வை. அப்பாவைப் பத்தி நீ எழுதினதுக்கு நான் இங்க பதில் எழுதலை, அதை நேர்லதான் பேசணும். இப்ப நீ கேட்டதை மறைக்காம எழுதறேன்.

உன் கடிதத்தையும் அவளையும் ஒரே நேரத்துல பார்த்தேன். ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சேன். ஒருவேளை வந்துட்டா என்ன சொல்றதுன்னு கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பழகி வெச்சிருந்தேன். பாதி கூடச் சொல்லலை, கையைத் தூக்கி நிறுத்திட்டா. தெரியும்னா. நான் போன்ல சொன்னப்பவே தெரியுமாம்.

"கறியைத் தள்ளறான்னு சொன்னியே. உசிரோட இருந்தா அவன் தள்ளுவானா? தங்கச்சி தட்டுல திருடித் தின்னு என்கிட்ட அடி வாங்கினவன்."

சொல்லும்போது சிரிச்சா, அண்ணே. அப்புறம் முக்காட்டால முகத்தை அழுத்தித் துடைச்சுக்கிட்டா. நான்தான் அழுதேன். மன்னிச்சுடுங்கன்னு அவ கையைப் பிடிச்சேன். அவ அதைக் காதுல வாங்கவே இல்லை, அவ யோசனை வேற எங்கேயோ இருந்தது. அப்ப எதுக்கு இத்தனை தூரம் உசிரைக் கையில பிடிச்சுட்டு வந்தீங்கன்னு பெத்ரியாதான் கேட்டா.

அவனைக் கூட்டிட்டுப் போகன்னா. தான் செத்தது அவனுக்கு இன்னும் தெரியாதுங்கறதுதான் கஷ்டம்னா. கூட வந்த பசங்க வாயைத் திறக்கக் கூடாது, திறக்கலை. நான் 'இருக்கான்'னு போன்ல சத்தமா சொன்னதை அவனும் கேட்டுட்டு இருந்திருப்பான், தினம் பேர் சொல்லிக் கூப்பிடறோம், பாய் கொடுத்திருக்கோம், சோறு வைக்கறோம், அவன் ஏன் கிளம்புவான்னு கேட்டா.  அப்ப நீங்களே சொல்லிடுங்கம்மான்னேன்.

"பெத்த வாய் அதைச் சொல்லக் கூடாது. அவன் உனக்குத்தான் பதில் சொல்றான். நீ சொல்லு."

மதியத்துக்கு மேல கெதிரும் மத்தவங்களும் வந்தாங்க. அவளைப் பார்த்ததும் அங்கேயே நின்னுட்டாங்க, கிட்ட வரலை. அவளே எழுந்து போய் ஒவ்வொருத்தன் தலையிலயும் கை வெச்சா. கெதிர் சட்டையில ஒரு இடத்தைத் தொட்டுப் பார்த்தா, மூமே பிடிச்சுட்டிருந்த இடம் எதுன்னு கேட்டிருப்பாபோல. அப்புறம் தொட்டிப் பக்கம் போய், நான் கொடுத்த போர்வையை எடுத்துட்டு, அந்த இடத்துல சட்டையையும் கைலியையும் விரிச்சு வெச்சா. யாரும் அவளைத் தடுக்கலை.

சூரியன் இறங்கினப்ப எல்லாரும் முத்தத்துல உட்கார்ந்தாங்க. ஒருத்தர்கூட ஓடலை. என்ன நடக்கப் போகுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. ஷம்ஸியா எனக்குப் பின்னாடி, முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்தா. பெத்ரியா என் முழங்கையைப் பிடிச்சுட்டிருந்தா. ஒவ்வொரு பேரா சொல்லிட்டு வந்தேன். பதில் வந்துட்டே இருந்தது. அந்தப் பேருக்கு முன்னாடி தண்ணி குடிச்சேன்.

"மூமே."

"அபேத்."

கெதிர், ஜுனைதி, மத்த ரெண்டு பேர், நாலு பேரும் உள்ளங்கையால வாயைப் பொத்திட்டிருந்தாங்க. அதை நான் பார்த்துட்டுத்தான் கூப்பிட்டேன்.

"மூமே, கேளுப்பா. நான் தப்பா சொல்லிட்டேன். நீ இங்க வந்து சேரலை. படகுலேருந்து குதிச்சப்பவே, கடல்லயே, உன் உசிரு போயிடுச்சு."

பெத்ரியா அதை அவங்க பேச்சுல சொன்னா. நடுவுல குரல் உடைஞ்சு, மறுபடி முதல்லேருந்து சொன்னா. வடக்கே எங்கேயோ ஒரு குண்டு விழுந்தது, ஜன்னல் அதிர்ந்து நின்னது.  தொட்டிக் குழாய்லேருந்து தண்ணி சொட்டறது கேட்டது. போயிட்டான்னு நினைச்சேன்.

அப்பதான் பேசினான். அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேற எதுவும் அவன் பேசி நான் கேட்டதில்லை. சின்னப் பையன் குரல், அண்ணே. தூக்கத்துலேருந்து எழுப்பினா பேசற மாதிரி. ஏதோ கேள்வி. பெத்ரியா எனக்குச் சொல்லலை, என் கையை இறுக்கினா. என்ன கேக்கறான்னு நான் அவளை உலுக்கினேன்.

"அம்மாவுக்குத் தெரியுமான்னு கேக்கறான்"னா.

எனக்குப் பின்னாடி ஷம்ஸியா திரும்பற சத்தம் கேட்டது.

"தெரியும்டா. தெரிஞ்சுதான் வந்திருக்கேன். வா."

இதை பெத்ரியா எனக்குப் பிறகுதான் சொன்னா, ஆனா அப்பவே புரிஞ்சது. நான் திரும்பிப் பார்க்கலை. தொட்டிப் பக்கத்துலேருந்து என்னைத் தாண்டி ஈரக்காத்து ஒண்ணு போனது, கடல் வாடையோட. அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பொறுத்து அந்தப் பேரை இன்னொரு தடவை கூப்பிட்டேன். பதில் வரலை. எல்லாரும் கேட்டாங்க, பதில் வரலை.

அடுத்த பேரையும் கூப்பிடணுமே, கூப்பிட்டேன். கெதிர். அவன் வாயிலேருந்து கையை எடுத்துட்டு, அழுதுகிட்டே, அவன் குரல்லயே அபேத் சொன்னான்.

அஃப்ரா